கியாரோஸ்கூரோ: ஒளிநிழலா, ஒளியிருளா?

ஓவியக்கலையில் வரும் chiaroscuro என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை 'சியாரோ' என்று வாசித்துவிடுவோம். இது இத்தாலியச் சொல், 'கியாரோ' என்றே ஒலிக்க வேண்டும். கியாரோ என்றால் வெளிச்சமானது, ஸ்கூரோ என்றால் இருண்டது. லத்தீனின் கிளாருஸ், ஒப்ஸ்கூருஸ் இரண்டும்தான் மூலம். நம் இலக்கணப்படி உம்மைத்தொகை, இரவுபகல் மாதிரி.

முன்பு நிறத்தாளில் வெள்ளையும் கறுப்பும் தொட்டு வரையும் படங்களையும், பல மரக்கட்டைகளால் அடுக்கி அச்சிட்ட படங்களையும் இந்தப் பெயரால் சொன்னார்கள். இன்று வெளிச்சத்தையும் இருட்டையும் மோதவிட்டு உருவங்களுக்குத் திரட்சி தரும் முறைக்கே இந்தப் பெயர்.

டச்சு ஓவியர் வான்கா 1885இல் நெதர்லாந்தின் நூனன் கிராமத்தில் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தைப் பாருங்கள். தாழ்ந்த கூரை, தொங்கும் ஒற்றை எண்ணெய் விளக்கு, மேசையைச் சுற்றி ஐந்து பேர், தட்டில் ஆவி பறக்கும் கிழங்கு. முகங்களுக்கு மண் படிந்த, தோல் உரிக்காத கிழங்கின் நிறம் என்று அவரே தம்பி தேயோவுக்கு எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது வெள்ளை அல்ல. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் குழைத்த சாம்பல், அதுவும் நல்ல அழுத்தமான சாம்பல். சுற்றியுள்ள இருட்டு அதைவிட அடர்த்தி என்பதால் கண் அதை வெள்ளை என்று நம்பிவிடுகிறது. விளக்கடி அரையிருட்டுக்கு வண்ணத்தட்டில் நிறைய நிறம் தேவையில்லை என்பது இங்கே புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒளிநிழல்' என்று எழுதுவதுண்டு. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிழல் ஒரு பொருளால் விழுவது. நூனன் குடிசையின் மூலைகளில் இருப்பது எதன் நிழலும் இல்லை, அது அறையை நிறைத்திருக்கும் இருட்டு. இன்னொரு வேடிக்கை, பழந்தமிழில் நிழலுக்கு ஒளி என்றும் ஒரு பொருள் உண்டு. பழைய உரைகளில் ஊறியவர் 'ஒளிநிழல்' என்பதை 'ஒளியொளி' என்றுகூட வாசிக்கலாம்!

என் ஓட்டு 'ஒளியிருள்' என்பதற்கே. ஸ்கூரோவுக்கு நேர்ச்சொல் இருள்தான். பந்து, குவளை வைத்துப் பென்சிலில் பழகும் பாடத்துக்கு மட்டும் 'ஒளிநிழல்' இருக்கட்டும், அங்கே விழுவது நிஜமாகவே நிழல். கட்டுரையில் முதல் தடவை கியாரோஸ்கூரோ என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒளியிருள் என்றே தொடரலாம்.