ஒப்புதல் அல்ல, ஏற்பு

'கொசோவோவுக்கு மலேசியா ஒப்புதல் வழங்கியது' என்ற தொடர் கோலாலம்பூர்ச் செய்தித் தமிழில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கொசோவோ என்ன, மாநகர் மன்றத்தில் கட்டட வரைபடம் கொடுத்துவிட்டா காத்திருந்தது? 2008 பிப்ரவரி 17இல் செர்பியாவிலிருந்து விடுதலையை அறிவித்தது. அதைத் தனி நாடாக மலேசியா அக்டோபர் 30இல் ஏற்றது. மலாயில் இது 'இக்திராஃப்'. ஒப்புதலைக் குறிக்கும் 'லுலுஸ்' என்று எந்த மலாய் ஏடும் எழுதாது. வங்கிக் கடன்தான் லுலுஸ் ஆகும்.

இக்திராஃப் அரபுச் சொல், வேர்ப்பொருள் அறிதல். அங்கீகாரம் வடமொழி: தன் அங்கமாக்கிக்கொள்வது. உக்ரைனின் தோனெத்ஸ்கையும் லுகான்ஸ்கையும் தனி நாடுகளாக ரஷ்யா 2022 பிப்ரவரியில் அங்கீகரித்து, செப்டம்பரில் தன்னோடு இணைத்துக்கொண்டதாக அறிவித்தபோது வேர்ப்பொருளே பலித்துவிட்டது!

ஒப்புதலில் என்ன கேடு? கொடுக்காவிட்டால் காரியம் நடக்காது என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கக் கண்ட நாடுகள் 1933இல் மொன்டேவீடியோவில் செய்த உடன்படிக்கை நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவாடும் திறன் என நான்கைக் கேட்கிறது. பிறர் ஏற்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நாட்டின் அரசியல் இருப்பு பிறர் ஏற்பைச் சார்ந்ததல்ல என்று 3ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பிறர் ஏற்றால்தான் நாடு என வாதிடும் சட்ட அறிஞர்களும் உண்டு. ஆனால் 1991இல் சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து, எவரும் ஏற்காமலே பல்லாண்டுகள் தன் நாணயம், தன் தேர்தல் என நடந்துவந்திருக்கிறது. தவிர, ஏற்பு வாய்திறக்காமலும் நிகழலாம் என்கிறது அதே மொன்டேவீடியோ உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. 'வழங்கியது' அங்கே எப்படிப் பொருந்தும்?

ஒப்புதலுக்கு உரிய இடம் வேறு. ஏற்பு ஒருதலையானது. தூதரக உறவு இருதரப்பும் இசைந்தால்தான் தொடங்கும். 1961 வியன்னா உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு அது. அனுப்பப்போகும் தூதரின் பெயருக்கு அவரை வரவேற்கப்போகும் நாடு முன்கூட்டித் தருவதுதான் அசல் ஒப்புதல். இங்கே அதையும் பறிகொடுத்துவிட்டு, அதற்கு 'அனுமதி' என்று எழுதுகிறார்கள்.

'தூதரக அங்கீகாரம்' இன்னொரு குழப்படி. தூதரகம் இருந்தால் ஏற்பு, இல்லாவிட்டால் இல்லை என்று வாசகர் நினைத்துக்கொள்கிறார். 1974 மே 31இல் பெய்ஜிங்கோடு தூதரக உறவு கொண்ட மலேசியா தைவானைத் தனி நாடாக ஏற்கவில்லை. ஆனாலும் கோலாலம்பூரில் தைவானின் தைப்பே அலுவலகம் விசா கொடுக்கிறது. கொசோவோ விஷயத்திலும் ஏற்பு ஒரு படி, உறவு வேறு படி.

கலைச்சொல் அகராதிகளின் 'அறிந்தேற்பு' சட்ட நூலுக்குச் சரி. அதை வினையாக்கித் தலைப்பில் வைத்தால் இடறும். 'தனி நாடாக ஏற்றது' என்றெழுதினால் போதும். 'வழங்கியது' தானே உதிர்ந்துவிடும்.