குழந்தைகள் குறைந்தும் மக்கள்தொகை ஏறுவது ஏன்?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. பிறகு எப்படி இந்தியா மக்கள்தொகையில் சீனாவை முந்தியது?”

பிள்ளைகள் குறைந்த கதை பலரும் அறிந்ததே. நாடு வளரும்போது தடுப்பூசி, தூய நீர், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றால் முதலில் இறப்பு குறைகிறது. பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண்களின் படிப்பு, தள்ளிப்போகும் திருமண வயது ஆகியவை பிறப்பைப் பின்னரே குறைக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி தமிழ்நாட்டில் 1.8, இந்தியாவில் 2.0. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ள ஏறத்தாழ 2.1 வேண்டும்.

அப்படியும் எண்ணிக்கை ஏறுவதைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டின் புள்ளிக் கணக்கே போதும். கோயில் வரிக்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) தலைகளை எண்ணுவதில்லை, மணமான இணை ஒவ்வொன்றையும் ஒரு ‘புள்ளி’யாக எண்ணுகிறார்கள். மகனுக்குத் திருமணம் முடித்து வேறு வைத்துவிட்டால், அதாவது தனிக் குடித்தனம் ஆக்கிவிட்டால், ஒரே வளவில் (பெரிய குடும்ப வீட்டில்) குடியிருந்தாலும் அவன் தனிப் புள்ளி. மக்கள்தொகையியலும் இப்படித்தான் பார்க்கிறது: இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளின் தொகை, இணைக்கு எத்தனை பிள்ளை என்பதோடு, எத்தனை இணைகள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது.

ஓர் ஊரில் 50 புள்ளிகள், அதாவது 100 பேர் என்று கொள்வோம். புள்ளிக்கு நான்கு பிள்ளைகள் என 200 பேர் வளர்ந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து 100 புள்ளிகள் ஆகின்றனர். அவர்களும் நான்கு நான்காகப் பெற, பேரப்பிள்ளைகள் 400. மூன்று தலைமுறையும் சேர்ந்து ஊரில் 700 பேர். இனி எல்லோரும் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த 400 பேரும் மணக்கும்போது புள்ளிகள் 200 ஆகின்றன. இரண்டிரண்டு பெற்றாலும் தொட்டிலில் 400 பிள்ளைகள். அதே காலத்தில் மறையும் மூத்த தலைமுறையோ வெறும் 100 பேர். ஊர் 1,000 ஆகிறது. அடுத்த தலைமுறையில் 1,200 ஆன பிறகே நிற்கிறது. இறப்பவர்கள் சிறிய தலைமுறையினர், பெறுபவர்கள் பெரிய தலைமுறையினர். இந்த இடைவெளிதான் முக்கிய விளக்கம். இயற்பியல் பாடத்துச் சொல்லையே எடுத்து இதனை மக்கள்தொகை உந்தம் என்பர். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஜப்பானில் பிறப்பு 1970களின் நடுவிலேயே ஈட்டு அளவுக்குக் கீழே இறங்கியது. மக்கள்தொகை உச்சம் தொட்டது 2008 அளவில்தான்.

உந்தத்தை அளக்க வயதுவாரியான எண்ணிக்கை வேண்டும். அதனால்தான் 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதைப் பெரும் இழப்பாகக் கருதுகிறேன். இதற்குச் செலவிடும் பணத்தையும் ஆய்வுச் செலவாகவே அரசு மதிக்க வேண்டும்.

வாசகரின் தெருவிலும் உந்தம் உண்டு, எதிர்த்திசையில். நம் கணக்கின் ஊரில் இணைக்கு ஒரு பிள்ளையே என்று தொடர்ந்தால் அந்த 200 புள்ளிகள் 100 ஆகும், பின்பு 50 ஆகும். அப்போது எல்லோரும் மனம் மாறி மூன்று பெற விரும்பினாலும், பெறுவதற்கு இருப்பவை அந்த 50 புள்ளிகளே.