பயனியர்: முன்னோடியா, முதற்குடியேறியா?

‘பயனியர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் நம் கை ‘முன்னோடி’ என்று எழுதிவிடுகிறது. இதழியல் முன்னோடி, கூட்டுறவு இயக்க முன்னோடி என்பதற்கெல்லாம் அது கச்சிதம். அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். அங்கே அந்தச் சொல்லோடு மண்வெட்டி, மாட்டு வண்டி, நிலப் பத்திரம் மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

லத்தீனில் ‘பெஸ்’ என்றால் பாதம். அந்த வேரில் பிறந்து, பழைய பிரெஞ்சில் காலாள் வீரனைக் குறித்த சொல்தான் பிறகு ‘பியோனியே’ ஆயிற்று. படை நகர்வதற்கு முன்பே போய்ப் புதர் வெட்டி, பள்ளம் தூர்த்து, பதுங்குகுழி தோண்டுகிறவன் என்பது பொருள். பட்டம் அல்ல, கூலி வேலை. போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த ‘பியூன்’ என்ற சொல்லுக்கும் இதே வேர். விழா மேடையில் பயனியர் என்று பொன்னாடை போர்த்திக்கொள்பவரும், அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவரும் சொல்வழிப் பங்காளிகள்! படைத்துறைப் பொருள் சென்னைக்கும் வந்தது. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே திரட்டிய பயனியர் படைப்பிரிவுகளே இன்றைய இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தொடக்கம்.

அமெரிக்காவில் இந்தச் சொல் ராணுவத்தை விட்டு வெளியேறி, மேற்கு எல்லைப்புறத்தில் குடியேறியவர்களைக் குறிக்கத் தொடங்கியது. சீக்கிரமே அது தேதி பார்த்துக் கொடுக்கும் விருதாகவும் ஆனது. 1850இல் தொடங்கிய கலிஃபோர்னியா பயனியர் சங்கம், அந்த ஆண்டு பிறக்கும் முன்பே வந்து சேர்ந்தவர்களைத்தான் பயனியராக ஏற்றுக்கொண்டது. என்ன செய்தாய் என்பதைவிட எப்போது வந்தாய் என்பது முக்கியமாகிவிட்டது.

இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே ஆளிடம் கூடியதைப் பார்க்க வேண்டுமானால் எஸ்ரா மீக்கரைப் பார்க்கலாம். 1852இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் மாட்டு வண்டியில் ஒரிகன் பாதை வழியாக மேற்கே வந்தவர். இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் பியூயாலப் பள்ளத்தாக்கில் பீர் காய்ச்சுவதற்கான ஹாப்ஸ் கொடி பயிரிட்டுப் பெரும் பணக்காரரானார். 1877இல் அங்கே ஓர் ஊருக்கு மனை பிரித்து, பியூயாலப் என்றே பெயர் வைத்தார். 1890இல் அதன் முதல் மேயர். தன் முதல் வீடு இருந்த நிலத்தை ஊருக்குப் பூங்காவாகக் கொடுத்தார். அதன் பெயரே பயனியர் பார்க். ஹாப்ஸ் பயிரை அசுவினிப் பூச்சி தாக்கியதில் சொத்தும் கரைந்தது. பிறகு 1906இல், 75 வயதில், மறுபடி மாடு பூட்டிக்கொண்டு அதே பாதையில் கிழக்கு நோக்கிக் கிளம்பினார். உழவுக்கும் கட்டடத்துக்கும் அடியில் மறைந்துகொண்டிருந்த தடத்துக்கு அடையாளம் வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, பணம் திரட்டி, கல் நட வைத்தார். அடுத்த ஆண்டு தலைநகரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த வண்டியைப் பார்க்க வெளியே வந்தார். சொல்லின் பழைய ராணுவப் பொருளுக்கு மீக்கர் மிக நெருங்கி வந்தது, என் கணக்கில், அந்தக் கிழ வயதில்தான்.

பியூயாலப் என்பது அவர் வைத்த பெயர்தான், அவர் உண்டாக்கிய பெயர் அல்ல. அங்கே ஏற்கெனவே வாழ்ந்திருந்த பழங்குடியினரின் பெயர் அது. தாராள குணமும் விருந்தோம்பலும் உள்ளவர்கள் என்று அவர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. எதிர்த்து நின்ற, அண்டைப் பழங்குடியான நிஸ்குவாலிகளின் தலைவர் லெஷை மீது கொலை வழக்கு வந்தபோது, 1856இல் நடந்த முதல் விசாரணையின் ஜூரர்களில் மீக்கரும் ஒருவர். அவரும் இன்னொருவரும் குற்றவாளி என்று சொல்ல மறுத்ததால் தீர்ப்பே எட்டப்படவில்லை. மறு விசாரணையில் தண்டனை உறுதியாகி, 1858இல் லெஷையைத் தூக்கிலிட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று 2004இல் ஒரு வரலாற்று மன்றம் அறிவித்தது. மீக்கரின் பொதுவாழ்வில் நான் முதலில் வைப்பது மேயர் பதவியை அல்ல, இந்த மறுப்பைத்தான்.

இனி தமிழுக்கு வருவோம். ‘காடு கொன்று நாடாக்கி’ என்று பட்டினப்பாலை கரிகாலனைப் புகழ்கிறது. எல்லைப்புறக் குடியேறிகளைப் பற்றி எழுதுவோருக்கு இந்தத் தொடர் மேல் ஆசை வரும். ஆனால் அது அரசனின் செயலைச் சொல்வது. காட்டில் யார் இருந்தார்கள் என்று புலவர் சொல்லவும் இல்லை. ‘வந்தேறி’யில் வசவு ஏறிவிட்டது. ‘முன்னோடி’ முன்னே ஓடுபவர். பெரிய சாமிக்கு முன்னால் நிற்கும் காவல் தெய்வத்தை முன்னோடிக் கருப்பு என்று அழைக்கும் ஊர்களும் உண்டு. மதிப்பு நிறைந்த சொல் என்பதாலேயே நிலத்துக்குப் புதிதாக வந்தவர் எல்லாருக்கும் அதை வழங்குவது சரியாகாது.

ஆகவே படைத்துறைப் பொருளில் ‘வழியமைப்புப் படையினர்’ என்று எழுதலாம். நிலம் தேடி வந்தவர்கள் ‘எல்லைப்புறக் குடியேறிகள்’. ‘முதற்குடியேறி’ என்று எழுதுவதானால் ‘வெள்ளையருள்’ என்ற அடையைச் சேர்க்காவிட்டால் அது பொய்யாகிவிடும். ஒரு துறையில் முதலடி வைத்தவருக்கு மட்டும் ‘முன்னோடி’. மீக்கரைக் குடியேறி என்றும், பாதை நினைவுக்கற்களைப் பொறுத்தவரை முன்னோடி என்றும் ஒரே கட்டுரையில் எழுதுவதில் முரண் இல்லை. ‘பயனியர் பார்க்’ போன்ற இடப்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள்.