செவுள்: காதை ஒட்டிப் பிறந்த சொல்

"செவுள்ல ஒண்ணு விட்டேன்னா தெரியும்" என்று கை ஓங்குகிறவர் காட்டுவது காதுக்கும் தாடைக்கும் இடைப்பட்ட கன்னத்தை. மீன் கடையில் "செவுளைத் தூக்கிக் காட்டும்மா" என்று கேட்கிறவர் காட்டச் சொல்வது மீன் மூச்சுவிடும் உறுப்பை. சொல் ஒன்றுதான். இரண்டு பொருளும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் காதில் போய் நிற்கும்.

செவுளின் பழைய எழுத்து வடிவம் செவிள். வகரத்துக்குப் பின்னால் வரும் இகரம் பேச்சில் உகரமாகக் குழைவது நம் வாய்க்குப் பழக்கம்: தவிடு தவுடு ஆகிறது, செவிடு செவுடு ஆகிறது. தவுடு எழுத்தில் ஏறவில்லை, செவுள் மட்டும் பாடநூல் வரைக்கும் ஏறிவிட்டது. இன்று செவிள் என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்பவர்களே அதிகம். இரண்டும் சரி. ஆனால் புழக்கத்தில் நிலைத்த 'செவுள்' என்பதையே எழுதுவது நல்லது.

இதன் அடி 'செவி'. கன்னடத்தில் காதுக்குக் 'கிவி'. நம் செம்மை அங்கே கெம்பு, நம் சிறு அங்கே கிரு. முன்பு ககரமாக இருந்தது தமிழில் சகரமாக மாறிய வரிசையில் செவியும் ஒன்று. பலுச்சிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் காதுக்கு இதே வேரில் பிறந்த சொல் இருக்கிறது. அப்புறம் செவுளுக்கு வருவோம். கன்னடத்தில் அது 'கிவிரு', அதாவது கிவியை ஒட்டியே நிற்கிறது. மலையாளத்தில் செகிள. அதே மலையாளத்தில் காதோரக் கன்னத்துக்குச் 'செகிடு' என்று பெயர், அங்கே அறை விழுந்தால் 'செகிட்டத்து அடி'. நாமும் 'செவிட்டில் அறைந்த மாதிரி' என்கிறோம், அந்தச் செவிடு காது கேளாமையைக் குறிப்பதில்லை, காதோரத்தைத்தான். தெலுங்கு மட்டும் தனி வழி போய் 'மொப்ப' என்று வைத்துக்கொண்டது.

ஆக, மீனின் தலைக்குப் பக்கவாட்டில், மனிதனுக்குக் காது இருக்கும் இடத்தில் மடல்போல ஒன்று அசைவதைப் பார்த்தவர்கள் அதற்குச் செவியின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். இடத்தைப் பார்த்து வைத்த பெயர், வேலையைப் பார்த்து வைத்ததில்லை. மீனின் உண்மையான காது மண்டைக்குள் இருக்கிறது, வெளியே துளைகூடக் கிடையாது. கத்தாழை மீன் தலையைக் குழம்பில் போட்டுச் சாப்பிடும்போது பல்லில் நறுக்கென்று ஒரு வெள்ளைக் கல் அகப்படுமே, அது காதுக்கல். அதைக் குறுக்கே அறுத்துத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல வளையங்கள் தெரியும். மீனின் வயதை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

இனி அந்த மடலைத் தூக்கிப் பார்ப்போம். தூக்கினது செவுள் மூடி. உள்ளே சிவப்பாக அடுக்கி இருப்பதுதான் செவுள். சங்கரா, கெண்டை, விரால் போன்ற எலும்பு மீன்களில் பக்கத்துக்கு 4 வளைவுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் செவுள் வளைவு என்கிறோம். வளைவின் வெளிப்புறத்தில் சீப்புப் பல்போல நெருக்கமாக நிற்பவை செவுள் இழைகள். வாய்ப்பக்கமாக முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பவை செவுள் முட்கள், வாயில் புகுந்த இரை செவுளுக்குள் போய்விடாமல் தடுப்பது இவற்றின் வேலை. மத்தி மாதிரி மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் மீனில் இந்த முட்கள் நீளமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். ஒவ்வோர் இழையின் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீரும் இரத்தமும் ஆக்சிஜனைக் கைமாற்றிக்கொள்ளும் இடம் அதுதான். இரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய தோல் படலம் மட்டுமே இருப்பதால்தான் புது மீனின் செவுள் அவ்வளவு சிவப்பு. மீன் கெடக் கெட அந்தச் சிவப்பு பழுப்பாகி, கொழகொழப்பு ஏறி, நாற்றம் வரும். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது வெறும் பழக்கம் கிடையாது, நல்ல சோதனை.

தண்ணீரில் மூச்சுவிடுவது எவ்வளவு சிரமம் என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் புரியும். ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் குளத்து நீரில் காற்றிலிருந்து கரைந்து நிற்கக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த நீரில் 14 மில்லிகிராமுக்கு மேல் கரையும். நம்மூர் மீன் ஏழை நாட்டு மீன் என்று வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்குத் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதை நெஞ்சுக்குள் இழுத்து, அதே வழியில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் கிடைக்கிற ஆக்சிஜன் தள்ளுகிற வேலைக்கே தீர்ந்துவிடும். அதனால் மீன் ஒருவழிப் பாதை போட்டிருக்கிறது. வாயால் வாங்குகிறது, செவுள் வழியே விடுகிறது. வாய் திறக்கும்போது செவுள் மூடி அடைத்திருக்கும், வாய் மூடும்போது மூடி விலகும். தொட்டி மீனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் இந்த மாறிமாறி அசைவு தெரியும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் தகடுகளுக்குள் இருக்கிறது. தண்ணீர் ஒரு திசையில் ஓட, இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே பக்கமாக ஓடினால் பாதி வழியிலேயே இரண்டிலும் ஆக்சிஜன் அளவு சமமாகி, மேற்கொண்டு எதுவும் ஏறாது. எதிரெதிரே ஓடுவதால், ஆக்சிஜனை ஓரளவு வாங்கிக்கொண்ட இரத்தம் கடைசியில் சந்திப்பது இன்னும் எதையும் இழக்காத புது நீரை. அங்கேயும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இப்படி மீன் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் 80 சதவீதம் வரைக்கும் எடுத்துவிட முடியும். நம் நுரையீரல் உள்ளே போகும் காற்றின் ஆக்சிஜனில் சுமார் கால்பங்குதான் எடுக்கிறது. இதற்கு 'எதிரோட்டப் பரிமாற்றம்' என்று பாடநூல் வைத்திருக்கும் பெயர் கொஞ்சம் கரடுமுரடு என்றாலும் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறது.

காற்றில் இத்தனை ஆக்சிஜன் இருந்தும் கரையில் போட்ட மீன் ஏன் சாகிறது? தண்ணீர் தாங்கிப் பிடித்திருந்த அந்த மெல்லிய தகடுகள் காற்றில் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பரப்பு சுருங்கிவிடும், காய்ந்தும் போகும். சுற்றிலும் காற்று இருந்தும் மூச்சு முட்டியே சாகிறது.

செவுளை வெறும் 'சுவாச உறுப்பு' என்று முடித்துவிடுவதும் குறைதான். இரத்தத்தில் சேரும் அம்மோனியாக் கழிவில் பெரும்பங்கு சிறுநீரில் போகாமல் செவுள் வழியாகத்தான் போகிறது. கடலில் வாழும் எலும்பு மீன் உடம்பில் நீர் குறையாமல் இருக்கக் கடல்நீரைக் குடிக்கிறது, கூடவே வரும் உப்பைச் செவுளில் உள்ள செல்கள் வெளியே தள்ளுகின்றன. ஆற்று மீனுக்கு நிலைமை தலைகீழ்: உப்பு கசிந்துகொண்டே இருக்கும், அதே செவுள் நீரிலிருந்து உப்பை உள்ளே இழுக்க வேண்டும்.

எல்லா மீனுக்கும் மூடி இருக்கும் என்று எண்ண வேண்டாம். சுறாவுக்கு மூடி இல்லை, கழுத்தோரம் 5 முதல் 7 வரை வெட்டுகள் மட்டும். அவற்றைச் செவுள் பிளவு என்று சொல்லலாம். திருக்கைக்கு அந்தப் பிளவுகள் அடிவயிற்றுப் பக்கம் இருக்கும். மணலில் படுத்திருக்கும்போது மணலையும் சேர்த்து விழுங்காமல் இருக்க, கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு துளை வழியே அது நீரை இழுக்கும்.

அந்தத் துளை நம்மைத் திரும்பவும் காதுக்கே கொண்டுவருகிறது. 1825இல் மார்ட்டின் ராத்கே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் பன்றிக் கருவின் கழுத்தில் மீனின் செவுள் பிளவு போன்ற அமைப்புகளைக் கண்டார். மனிதக் கருவிலும் அவை உண்டு. அவை மூச்சுவிடும் செவுள்கள் கிடையாது. மீனில் செவுளாக வளர்கிற அதே வளைவுகள் நம்மில் வேறு உறுப்புகளாக வளர்கின்றன, அவ்வளவுதான். 1837இல் கார்ல் ரைக்கர்ட் என்ற இன்னொரு ஜெர்மானிய ஆய்வாளர் அவற்றைப் பின்தொடர்ந்து போய், நடுக்காதின் குட்டி எலும்புகள் இந்த வளைவுகளிலிருந்தே வருகின்றன என்று காட்டினார். சுத்தியும் பட்டடையும் முதல் வளைவிலிருந்து, அங்கவடி இரண்டாவதிலிருந்து. திருக்கைக்குக் கண்ணுக்குப் பின்னால் துளையாகும் அதே இடம்தான் நமக்குத் தொண்டையையும் காதையும் இணைக்கும் குழாயாகவும் நடுக்காதின் அறையாகவும் ஆகிறது. செவி, செவுள் என்று ஒரே வேரில் பெயர் வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை. குத்துமதிப்பாகச் சொன்னது உறவாகவே போய்விட்டது.

ஈழத்தில் இதே உறுப்புக்குப் 'பூ' என்று பெயர். மீன் வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்கச் சொல்வார்கள், இலங்கைப் பாடநூல்களிலும் மீன் பூக்களால் சுவாசிக்கிறது என்றே வரும். தமிழகத்து மாணவர் அதைப் படித்தால் ஒரு நொடி திகைப்பார். மூடியைத் திறந்து அந்தச் சிவப்பு அடுக்கைப் பார்த்தவருக்குத் திகைப்பு வராது. இரண்டுமே நல்ல தமிழ், எது சரி என்ற வழக்கே தேவையில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து 'கில்' என்று எழுதத்தான் காரணமே இல்லை. திருத்த வேண்டியது வேறொன்று இருக்கிறது: 'மீன் செதிலால் சுவாசிக்கிறது' என்று எழுதுகிறார்கள். செதில் உடம்பை மூடியிருக்கும் தகடு, அரிவாள்மனையில் சுரண்டி எறிவது. செவுள் தலையில் இருப்பது.

செவுள் மட்டும் போதாத மீன்களும் உண்டு. பனையேறிக் கெண்டைக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது, அதில் நேராகக் காற்றை வாங்கிக்கொள்ளும். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளத்தோரப் பனைமரத்தில் தண்ணீருக்கு மேலே இந்த மீன் தொற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதி, அது 1797இல் லண்டனில் அச்சானது. மரமேறுகிறதா என்பதில் விவாதம் உண்டு, ஈரத்தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி நகர்வதில் விவாதம் இல்லை. விராலுக்கும் செவுளுக்கு மேலே காற்றறை உண்டு. தேளிக்கு அது முதுகெலும்பை ஒட்டி நீண்ட பையாக இருக்கும். இவற்றில் பனையேறியும் வளர்ந்த விராலும் அவ்வப்போது மேலே வந்து காற்று வாங்கியே ஆக வேண்டும், வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். உயிர் விராலை வாளியில் கொண்டுவருகிறவர்கள் அதனால்தான் வாளியை நிறைக்காமல், மேலே கொஞ்சம் இடம் விட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மூடுகிறார்கள்.