கண் பிரஷரை ஸ்கேனில் பார்த்துவிட முடியாதா?

"டாக்டர், கண்ணைத் தொடாமல் ஸ்கேனிலேயே பிரஷர் பார்த்துவிடக் கூடாதா?" பயந்த சுபாவம் உள்ளவர்கள் அடிக்கடி கேட்பது. கண்ணுக்கு எடுக்கும் வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், விழித்திரை விலகியிருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா என்று காட்டும். அழுத்தத்தைச் சொல்லாது. அதற்குக் கருவிழியை, அதாவது கண்ணின் முன்புறமுள்ள தெளிந்த படலத்தை (கார்னியா), சற்று அமுக்கித்தான் பார்க்க வேண்டும். புஸ்ஸென்று காற்றடிக்கும் கருவி செய்வதும் அதைத்தான்.

ஆனால் கிடைத்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவும்.

கண் பிரஷர் பார்க்கும் கோல்ட்மன் டோனோமீட்டர் என்ற கருவி, கருவிழியில் 3.06 மி.மீ. அகலமுள்ள ஒரு வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவை என்று அளக்கிறது. கருவிழி தடிமனாக இருந்தால் முரண்டு பிடிக்கும். எண் கூடுதலாகக் காட்டும். மெலிந்திருந்தால் சட்டென்று அமுங்கிவிடும். எண் குறைந்து காட்டும்.

ஒருவர் வந்தார். பிரஷர் 15. பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பு என்போம், அதனால் அவருக்கு நிம்மதி. எனக்கு இல்லை. பார்வை நரம்பின் நடுக்குழி அகன்றிருந்தது; நரம்பு பாதிக்கப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். துருவிக் கேட்டதும்தான், "லேசிக் பண்ணியிருக்கேன், அதைக்கூடச் சொல்லணுமா?" என்றார். சொல்லத்தான் வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் அந்த லேசர் சிகிச்சையில் செதுக்குவதே கருவிழியைத்தான்.

பாக்கிமெட்ரி, அதாவது அல்ட்ராசவுண்டால் கருவிழித் தடிமனை அளக்கும் சோதனை, செய்தோம். மரக்கச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, பேனா போன்ற முனையைக் கருவிழியின் நடுவில் தொட்டால், 'பீப்' என்று முடிந்துவிடும். ஒலி கருவிழியின் பின்புறம் வரை போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமன் கணக்கிடப்படுகிறது. அந்த நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை! சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான். அவருக்கு 450.

அப்படியானால் அந்த 15-உடன் இத்தனை கூட்டிக்கொள்ளலாமா என்றால், எல்லாருக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. அதனால் பார்வைப் பரப்புச் சோதனையும் செய்தோம். ஓரத்தில் இழப்பு தொடங்கியிருந்தது. கிளாக்கோமா, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் நோய். வலி இல்லை, மங்கல் இல்லை, அவருக்குத் தெரியவே இல்லை. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

லேசிக் செய்தவர்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்து போடுபவர்கள், குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளவர்கள், கேட்காவிட்டாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவிழித் தடிமனை அளந்தால் பிரஷர் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அவர் இப்போது தினமும் சொட்டு மருந்து போடுகிறார். வந்ததும் "பிரஷர் எவ்வளவு டாக்டர்?" என்பார். நான் பார்வை நரம்பைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.