பழைய கம்ப்யூட்டரை கேம் பெட்டிக்குள் வைக்கும் முன்

தொண்ணூறுகளில் தெருமுனை வீடியோ கேம் கடையில் 'முஸ்தஃபா' ஆடி வளர்ந்தவர்களுக்கு இப்போது சொந்த வீடு இருக்கிறது, மூலையில் சும்மா கிடக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. ஆசாரியை வைத்து ப்ளைவுட்டில் பெட்டி அடித்து, ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் வாங்கி மாட்டி, அந்தக் கடையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்று சர்வீஸுக்கு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான், காயலான் கடைக்குப் போகவேண்டிய மெஷின் இன்னும் சில வருடம் உழைக்கும். ஆனால் வருகிற எல்லோரும் முதலில் கேட்பது, "சார், இந்த சிஸ்டத்துல கேம் ஓடுமா?" என்று. ஷாக் அடிக்குமா, சூடேறுமா என்று யாருமே கேட்பதில்லை.

ஓடுமா என்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 1980ல் வந்த பேக்-மேன் எந்திரத்தில் இருந்த இசட்-80 சிப்பின் வேகம் 3 மெகாஹெர்ட்ஸ் சொச்சம்தான். நாம் முஸ்தஃபா என்று கூப்பிடும் ஆட்டம் கேப்காம் 1993ல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. மஞ்சள் தொப்பிக்காரனின் பெயர் முஸ்தஃபா கெய்ரோ என்பதால் நம் ஊரில் ஆட்டத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அதன் திரை 384க்கு 224 புள்ளிகள், அவ்வளவே. இந்த எந்திரங்களை அப்படியே மென்பொருளாக்கிக் காட்டும் மேம் என்ற எமுலேட்டரை இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997ல் வெளியிட்டபோது இருந்த கம்ப்யூட்டர்களிலேயே பேக்-மேன் போன்றவை ஓடின. அதனால் உங்கள் வீட்டில் கோர் 2 டுவோ ப்ராசஸர் உள்ள பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதுவே தாராளமாகப் போதும், முப்பரிமாண ஆட்டங்களுக்கு மட்டும்தான் இன்னும் வேகமான மெஷின் வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மேமின் புதிய பதிப்புகள் பழைய சிப்புகளை இன்னும் துல்லியமாகக் காட்டப் பார்ப்பதால் கனமாகிக்கொண்டே போகின்றன. பழைய மெஷினுக்குப் பழைய பதிப்பே நல்லது, ஆட்டக் கோப்புகளும் அந்தப் பதிப்புக்கு ஏற்றவையாக இருக்கவேண்டும்.

அப்புறம், உங்களிடம் இருப்பது 2004 வாக்கில் வந்த பிரெஸ்காட் ரக பென்டியம் 4 என்றால் அதை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அந்த ப்ராசஸரின் வெப்ப அளவு மட்டும் 84 வாட்டில் தொடங்கி 115 வாட் வரை போகும். பெரும்பாலான கோர் 2 டுவோக்கள் 65 வாட்டுக்குள் அதைவிடக் கூடுதல் வேலை செய்துவிடும். மூடிய மரப்பெட்டிக்குள் இந்த வித்தியாசம் பெரிது.

இப்போது பெட்டிக்கு வருவோம். வீடியோக்களில் மதர்போர்டைத் தனியாகக் கழற்றி, ப்ளைவுட் பலகையில் நேராக ஸ்க்ரூ போட்டு மாட்டுவதைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். கம்ப்யூட்டரின் தகரக் கூடு சும்மா அலங்காரத்துக்கு இல்லை. மெயின்ஸ் கரண்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தீப்பொறி கிளம்பினால் அது மரத்துக்குத் தாவாமல் தடுப்பது அந்தத் தகரம்தான், எர்த் போய்ச் சேருவதும் அதில்தான், பல்லி உள்ளே போய்ப் பட்டு ஷார்ட் ஆகாமல் ஓரளவு காப்பதும் அதுதான். கூட்டோடு தூக்கி அப்படியே உள்ளே வையுங்கள். பெட்டியின் பின்பக்கம் கீழே காற்று நுழைய ஒரு வழி, மேலே சூடு வெளியேற 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, இரண்டுக்கும் கம்பி வலை. சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் பார்க்கிற பெட்டிகளில் அடிக்கடி தவறுவது இதில்தான். கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் உதிரிபாகங்கள்) இருக்கும், ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் தகரக் கூட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகிவிட்டால், அல்லது சுவரில் எர்த் ஓட்டை மட்டும் இருந்து பின்னால் ஒயரே இல்லாவிட்டால், கூடு 230 வோல்ட்டில் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, 'சுர்'ரென்று இழுக்கும். யு.எஸ்.பி. கேபிளின் உறை வழியாக அது ஜாய்ஸ்டிக்கின் இரும்புத் தகடு வரை வந்துவிடும். ஈரக் கையோடு, வெறும் காலில் மொசைக் தரையில் நின்று ஆடும் பிள்ளைக்கு அது நன்றாகவே தெரியும். "லேசாத்தான் சார் இழுக்குது" என்று அதோடு பழகிவிடுகிறார்கள். அந்த லேசான இழுப்பு, எர்த் இல்லை என்று பெட்டி உங்களிடம் சொல்லும் சேதி. நாளைக்கு மேலே பெயர்ப்பலகை விளக்குக்குப் போகும் ஒயரின் உறை உராய்ந்து, காசு போடும் இரும்புக் கதவில் பட்டால் வருவது முழு 230 வோல்ட், அப்போது காப்பாற்ற எர்த் வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து ப்ளக் பாயிண்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரும்புக் கதவு, கன்ட்ரோல் தகடு இரண்டிலிருந்தும் பச்சை ஒயர் இழுத்து எர்த்தில் சேருங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) இல்லை என்றால் இதைச் சாக்காக வைத்துப் போட்டுவிடுங்கள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்து தூசி தட்டும் ஆசையும் வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அது போகாது. வெளியிலிருந்து ஊதினால் போதும். தலையில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டி, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி எடையே இல்லாமல் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது. மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டும். மேலே கீறியிருக்கும் கோடு புடைத்திருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்த போர்டை நம்பி மூடிய பெட்டிக்குள் வைக்கக்கூடாது. 2000த்தை ஒட்டிய வருடங்களில் செய்த போர்டுகளில் இது மிகச் சாதாரணம்.

பழைய டி.வி.யின் பிக்சர் ட்யூபைக் கழற்றி உள்ளே மாட்டினால்தான் அந்தக் காலத்து உணர்வு வரும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, படம் உண்மையிலேயே அழகுதான். ஆனால் ட்யூபின் ஆனோடில் (உயர் வோல்ட் ஒயர் வந்து சேரும் இடத்தில்) 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தேங்கி நிற்கும். பல டி.வி.க்களின் சேஸிஸ் நேராக மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும். ட்யூபை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்த டி.வி. மெக்கானிக் உடன் இல்லாமல் பிளாஸ்டிக் கூட்டைத் திறக்கவே கூடாது. சதுர வடிவ பழைய 17 அங்குல எல்.சி.டி. மானிட்டர் மலிவாகக் கிடைக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு சின்ன விஷயம், பெரிய தொல்லை. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பட்டன் செல் தீர்ந்துபோனால் செட்டிங் எல்லாம் மறந்துபோய், எஃப்1 அழுத்து என்று பல மெஷின்கள் நின்றுவிடும். கேம் பெட்டியில் கீபோர்டு ஏது? மூடுவதற்கு முன்பே புது செல் போட்டுவிடுங்கள். கழற்றிய பழைய செல்லை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், தீர்ந்துபோன செல்லிலும் அதற்கான சக்தி இருக்கும். விழுங்கியது போல் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014லேயே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 7க்கு 2020ல். அவற்றை வைத்து ஆடலாம், நெட் மட்டும் கொடுக்காதீர்கள். பென் டிரைவில் யாரோ தந்த ஆட்டக் கோப்புகளுக்குள் .எக்ஸ்.இ. என்று முடிவது இருந்தால் தொடாதீர்கள், மேமுக்கான ஆட்டங்கள் பொதுவாக ஜிப் கோப்புகளாகத்தான் வரும். மேம் இலவசம் என்பதால் ஆட்டங்களும் இலவசம் ஆகிவிடாது, அவற்றின் உரிமை அந்தந்த நிறுவனங்களிடமே இருக்கிறது. உரிமையாளர்களே அனுமதித்த சில ஆட்டங்கள் மேமின் சொந்தத் தளத்தில் கிடைக்கின்றன, முதலில் அவற்றை வைத்து பெட்டியைச் சரிபாருங்கள். காசு வாங்கி ஆடவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் பின்கதவை மூடி, ஒரு ஆட்டத்தைத் தானாக ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். கூட்டின் வெளிப்பக்கத்தில் கை வையுங்கள். வைத்த கையை எடுக்கத் தோன்றினால் இன்னொரு ஃபேன் போட்டுவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.