புள்ளி வைத்த இடத்தில் சொல் ஏன் உடைகிறது?

வாசகர் ஒருவர் சொற்களை எண்ண சி மொழியில் ஒரு நிரல் எழுதியிருக்கிறார். கொடுத்தது எழுத்தா என்று பார்க்கும் ‘இஸ்டபிள்யூஆல்ஃபா’ என்ற சார்பு ஆம் என்று சொல்லும்வரை ஒரே சொல். இல்லை என்றதும் சொல் முடிந்தது. ஆங்கிலத்துக்குச் சரியாக வருகிறது. ‘தமிழ்நாடு’ கொடுத்தால் ‘தமிழ’, ‘நாடு’ என்று இரண்டாக எண்ணுகிறது. மொழி, வட்டார வழக்கைக் குறிக்கும் அமைப்பான லோக்கேலை தமிழுக்கு மாற்றியும் அதே விடை. ஏன் என்று கேட்கிறார்.

வழக்கமாக நடக்கும் இரண்டு தப்புகளை முதலில் கழித்துவிடலாம். எந்த சி நிரலும் ‘சி’ என்ற லோக்கேலில்தான் தொடங்கும். லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகத்தில் அந்த லோக்கேலுக்கு ஆங்கில எழுத்துகளைத் தவிர வேறெதுவும் எழுத்தே இல்லை. தொடக்கத்திலேயே லோக்கேலை மாற்றும் ‘செட்லோக்கேல்’ சார்பை அழைத்து, அது எதையும் சுட்டாத வெறும் சுட்டியைத் திருப்பித் தருகிறதா என்று பார்க்க வேண்டும். தந்தால், கேட்ட லோக்கேல் அந்தக் கணினியில் நிறுவப்படவில்லை; நிரல் சத்தமில்லாமல் பழையபடியே ஓடும். தேவையானதை மட்டும் அடைத்து நிரலை ஓட்டும் சிறிய கன்டெய்னர்களில் இது அடிக்கடி நேரும்.

இரண்டாவது தப்பு, யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இன் பைட்டுகளை வைட் கேரக்டராக, அதாவது ஓர் எழுத்துக்கு ஓர் எண்ணாக, மாற்றாமல் அப்படியே கொடுப்பது. ‘த’ என்பது 224, 174, 164 என மூன்று பைட். தனித்தனியாகப் பார்த்தால் 224 தலையில் கோடு போட்ட லத்தீன் ‘ஏ’, 174 ® குறி, 164 ¤ குறி. கெட்டுப்போன தமிழ் மின்னஞ்சலில் வரிசையாக வந்து நிற்பவை இவைதான். முதல் பைட்டுக்குத் தற்செயலாக ‘ஆம்’ கிடைத்துவிடுவதால் நிரல் பாதி வேலை செய்வதுபோல் தோன்றும். ஒரேயடியாக வேலை செய்யாமலிருந்தால் தேவலை.

வாசகரின் நிரலில் ‘தமிழ’ முழுசாக வந்திருக்கிறது. எனவே இரண்டையும் சரியாகவே செய்திருக்கிறார். கோளாறு, எது எழுத்து, எது இல்லை என்று நூலகம் பார்த்துச் சொல்லும் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை அழகானது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு எழுத்துக்கு ஒரு பிட் போதும்: எழுத்தா, 1, இல்லையா, 0. யூனிகோடில் 11,14,112 இடங்கள். ஒரு வகைக்கு 136 கிலோபைட். சி தரநிலையில் எழுத்து, எண், நிறுத்தக்குறி, இடைவெளி என்று 12 வகைகள். பெரும்பாலான இடங்கள் காலி என்பதால் அப்படியே அடுக்குவது வீண். ஜிலிப்சி இதை மூன்று அடுக்காகப் பிரிக்கிறது. முதல் அடுக்கில் 65,536 எழுத்துகளுக்கு ஓர் அறை. இரண்டாவதில் 512 எழுத்துகளுக்கு ஓர் அறை. மூன்றாவதில் அந்த 512 பிட்டுகள், 32 பிட் கொண்ட 16 சொற்களாக (கணினி ஒன்றாகக் கையாளும் பிட் தொகுதிக்கும் ‘சொல்’ என்றே பெயர்; எண்ணுவது 0இலிருந்து). ஓர் அறை முழுக்கக் காலி என்றால் அங்கே 0 மட்டும் இருக்கும், கீழே எதுவும் கிடையாது. ஒரே மாதிரியான துண்டுகள் இரண்டு இருந்தால் ஒன்றையே பகிர்ந்துகொள்ளும்.

‘ழ’வைத் தேடுவோம். அதன் யூனிகோட் எண் 2996. முதல் அடுக்கில் அறை 0. 2996ஐ 512ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 436. ஆக இரண்டாம் அடுக்கில் அறை 5. 436ஐ 32ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 20. 13ஆம் சொல்லில் 20ஆம் பிட். அது 1. வகுத்தல் எல்லாமே பிட் நகர்த்தல்தான் என்பதால் கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலைகூட இல்லை.

அறை 5க்குள் குர்முகி, குஜராத்தி, ஒடியா, தமிழ் ஆகிய நான்கும் ஆளுக்கு 128 இடமாகச் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. தமிழுக்கு 12 முதல் 15 வரையான நான்கு சொற்கள். 13ஆம் சொல்லில் ‘த’ 4ஆம் பிட், ‘ந’ 8ஆம் பிட். நடுவே மூன்று பூஜ்ஜியம். இந்திய மொழிகளை இஸ்கி என்ற பழைய இந்தியக் குறியேற்றத் தரத்தின் வரிசையில் அடுக்கியதால் இந்தியில் உள்ள மற்ற மூன்று தகரங்களுக்கு விட்ட நாற்காலிகள் அவை. தமிழில் உட்கார ஆள் இல்லை.

இப்போது புள்ளி. எண் 3021, 14ஆம் சொல்லில் 13ஆம் பிட். அதற்கு முந்தைய மூன்று பிட்டுகள் ‘ொ’, ‘ோ’, ‘ௌ’ குறிகளுக்கானவை, மூன்றும் 1. புள்ளி 0. உயிரொலி தரும் குறிகளுக்கு யூனிகோட் ‘எழுத்து’ என்ற பண்பைக் கொடுக்கிறது. தேவநாகரி விராமம் போல உயிரை நீக்கும் குறிகளுக்குக் கொடுப்பதில்லை. பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளும் நூலகம் புள்ளியில் சொல்லை வெட்டும். தமிழ்க் கணிமைக்கென்று விழா எடுக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கு இப்படிப்பட்ட பிட்டுகளைச் சோதிக்கப் போனால் எவ்வளவோ நல்லது என்பது என் கட்சி.

லோக்கேல் மாற்றியும் ஏன் மாறவில்லை? ஜிலிப்சியில் பெரும்பாலான யூடிஎஃப்-8 லோக்கேல்கள் ஒரே பொது அட்டவணையைத்தான் நகலெடுக்கின்றன. அமெரிக்க ஆங்கில லோக்கேலிலும் ‘ழ’ எழுத்துதான். துருக்கிய லோக்கேலில் சிறிய லத்தீன் ‘ஐ’யைப் பெரியதாக்கினால் புள்ளியோடு வருவது போன்ற விதிவிலக்குகள் சில உண்டு. ஆல்பைன் லினக்ஸின் மசல் நூலகமோ இந்த வகைப்பாட்டில் லோக்கேலைப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு வேடிக்கை. தரநிலைப்படி 0 முதல் 9 வரைதான் ‘எண்’. அதனால் ஜிலிப்சி ‘௧’ஐ எண் என்று சொல்ல முடியாமல் எழுத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பத்தைக் குறிக்கும் ‘௰’ இலக்கம் அல்லாத எண் என்பதால் எழுத்துப் பட்டியலிலும் இல்லை, நிறுத்தக்குறிகளோடு போய்விட்டது.

வாசகருக்கான தீர்வு சிறியது. சொல்லுக்குள் இருக்கும்போது மட்டும், நிபந்தனையில் ‘அல்லது எழுத்தெண் 3021’ என்று சேர்க்கவும். கண்ணுக்குத் தெரியாத பிரிப்பு, இணைப்புக் குறிகளான 8204, 8205 இரண்டையும் அதே இடத்தில் சேர்த்துவிட்டு, ‘தமிழ்நாடு’, ‘பக்ஷி’ இரண்டையும் கொடுத்து ஓட்டிப் பார்க்கவும்.